தட்டில் கை வைப்பது யார்?

வாசகர் கேள்வி – பதில்

சுற்றுச்சூழலைக் காக்க இறைச்சி உண்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சென்ற இதழில் வெளியான கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பாராட்டைவிடக் கோபமே மிகுதி. கட்டுரையிலிருந்த கணக்கை மறுத்தவர்கள் சிலர்தான், "எங்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேச இவர் யார்?" என்று கேட்டவர்களே பலர். அதுவும் பதில் சொல்லப்பட வேண்டிய கேள்விதான் என்பதால், இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மின்சாரத்தைச் சேமியுங்கள், தண்ணீரை வீணாக்காதீர்கள் என்றால் தலையாட்டுகிறவர்கள், இறைச்சியைக் கொஞ்சம் குறையுங்கள் என்றால் மட்டும் சண்டைக்கு வருவது ஏன்?

பதில்: விளக்கை அணைப்பவர் எதையும் விட்டுக்கொடுப்பதாக உணர்வதில்லை. உணவு அப்படியல்ல. அது பிறந்த வீட்டோடும், விருந்தோடும், நோயுற்றபோது ஊட்டிய கையோடும் பிணைந்து கிடப்பது. அதைக் குறை சொன்னால் தம்மை வளர்த்தவர்களையே குறை சொல்லிவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது.

இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. தன்னுடையது என்று நினைத்திருந்த ஒரு சுதந்திரத்துக்குப் பிறரால் ஆபத்து என்று தோன்றினால், மனிதன் முன்பு பெரிதாகப் பொருட்படுத்தாத அந்தப் பொருளையே முன்னைவிட அதிகமாக விரும்பத் தொடங்குகிறான் என்று ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-இல் எழுதினார். வாரம் இருமுறை இறைச்சி உண்டுவந்தவர், "குறையுங்கள்" என்ற சொல்லைக் கேட்ட வாரத்தில் மூன்றாம் முறையும் வாங்கிவருவது இந்த வகையைச் சேர்ந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2012-இல் வெளியான வேறோர் ஆய்வு. இறைச்சி உண்பவர்களில் ஒரு பிரிவினரிடம், "சைவ உணவுக்காரர்கள் உங்களை எப்படி மதிப்பிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகு சைவ உணவுக்காரர்களைப் பற்றிய கருத்தைக் கேட்டார்கள்; இன்னொரு பிரிவினரிடம் கருத்தை மட்டும் முதலில் கேட்டார்கள். தம்மைப் பிறர் மட்டமாக நினைப்பார்கள் என்று ஒரு நிமிடம் எண்ணிப்பார்த்த முதல் பிரிவினர், சைவ உணவுக்காரர்களுக்குக் குறைவான மதிப்பே தந்தார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை. திட்டுவார்கள் என்ற எதிர்பார்ப்பே போதுமானதாக இருந்தது. எனவே, கட்டுரையை முழுதாகப் படிக்காமலேயே கோபப்பட்டவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தகைய கட்டுரைகளின் தலைப்பே பலருக்குக் குற்றப்பத்திரிகையாகத் தெரிகிறது. அந்தக் கோபத்தை அறிவியல் மீதான அவநம்பிக்கை என்று படித்துக்கொண்டு மேலும் மேலும் புள்ளிவிவரங்களை அடுக்குபவர்கள், நோய் ஓரிடத்திலிருக்க மருந்தை வேறிடத்தில் தடவுகிறார்கள்.

கேள்வி: உலகத்து வாகனங்கள் எல்லாவற்றையும்விட மாடுகள் அதிகமாகப் பூமியைச் சூடாக்குகின்றன என்று படித்தேன். நம்பும்படி இல்லையே?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது, அந்த ஒப்பீடே கோணலானது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2006-இல் வெளியிட்ட அறிக்கை, மனிதச் செயல்களால் வெளியாகும் வெப்ப வாயுக்களில் கால்நடைத் துறையின் பங்கு 18 விழுக்காடு என்றும், அது போக்குவரத்தின் பங்கைவிட அதிகம் என்றும் சொன்னது. கால்நடைக்குக் கணக்கிட்டபோது காட்டை அழித்தது, தீவனம் விளைவித்தது, உரம் செய்தது என எல்லாவற்றையும் சேர்த்தவர்கள், வாகனத்துக்குக் கணக்கிட்டபோது எரிபொருள் எரிவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வாகனத்தைச் செய்ததும் சாலையை அமைத்ததும் கணக்கில் வரவில்லை. இந்தக் குறை சுட்டிக்காட்டப்பட்டபோது அறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவரே அதை ஒப்புக்கொண்டார். அதே அமைப்பு 2013-இல் 14.5 விழுக்காடு என்றும், 2023-இல் வேறு முறையில் கணக்கிட்டு ஏறத்தாழ 12 விழுக்காடு என்றும் கூறியது.

பழைய ஒப்பீட்டை இன்றும் மேடைதோறும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் தம் கட்சிக்குத் தாமே தீங்கு செய்கிறார்கள், ஏனென்றால் மிகைப்படுத்தாமல் சொன்னாலே விஷயம் பெரிதுதான். மாட்டின் வயிற்றின் முதல் அறை, புல்லை நொதிக்கவைக்கும் பெரிய பை; அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைச் சிதைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. அது வெளியேறுவது பெரும்பாலும் ஏப்பமாக, வாய் வழியாகத்தான். கேலிச்சித்திரக்காரர்கள் வரைவது தவறான முனை. மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகள்தான் தங்கும் என்றாலும், எடைக்கு எடை ஒப்பிட்டால் கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 27 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கும் வெப்பமூட்டக்கூடியது. சீக்கிரம் மறைகிற வாயு என்பதால், அதைக் குறைத்தால் பலனும் சீக்கிரம் தெரியும். இத்துறையின் மீது ஆய்வாளர்கள் கண்வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: இறைச்சியைக் குறைக்கச் சொல்லும் அரசியல்வாதி பதவியில் நீடிக்க முடியுமா?

பதில்: சொல்வதற்கு முன் அவர் யோசிக்க வேண்டியிருக்கும். 2013-இல் ஜெர்மனியின் பசுமைக் கட்சி, பொது உணவகங்களில் வாரம் ஒரு நாள் இறைச்சியில்லா நாளாக இருக்கலாம் என்று தேர்தல் அறிக்கையின் உள்ளே ஓரிடத்தில் எழுதிவைத்திருந்தது. ஆகஸ்டில் 'பில்ட்' நாளிதழ் அதைத் தோண்டியெடுத்து, பசுமைக் கட்சியினர் நம் இறைச்சிக்குத் தடை போடப் பார்க்கிறார்கள் என்று பெரிய தலைப்பிட்டது. அடுத்த மாதத் தேர்தலில் அக்கட்சியின் வாக்கு 10.7 விழுக்காட்டிலிருந்து 8.4-ஆகச் சரிந்தது. வரி உயர்வுத் திட்டம் உட்பட வேறு காரணங்களும் அதற்கு உண்டு. ஆனால் அந்தத் தோல்வியை நினைவுகூரும் எவரும் இறைச்சியில்லா நாளைத்தான் முதலில் சொல்கிறார்கள். பிற்பாடு நடந்ததுதான் வேடிக்கை. எந்தத் தடையும் வராமலே, ஜெர்மானியர் ஒருவர் ஆண்டுக்கு உண்ணும் இறைச்சி 60 கிலோவை ஒட்டிய நிலையிலிருந்து 2022-இல் ஏறத்தாழ 52 கிலோவுக்கு இறங்கியது. விலையேற்றம் பாதி, மனமாற்றம் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

2021-ஐ இதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஆண்டு என்று சொல்லத் தோன்றுகிறது. பிப்ரவரியில் பிரான்ஸின் லியோன் நகரப் பள்ளிகளில், பெருந்தொற்றுக் கால இடைவெளியைக் காத்தபடி விரைவாகப் பரிமாற வேண்டும் என்று காரணம் காட்டி, இறைச்சியில்லாத ஒரே வகை உணவு தரப்பட்டது. மீனும் முட்டையும் அதில் உண்டு. உடனே வேளாண் அமைச்சர், குழந்தைகளின் தட்டில் சித்தாந்தத்தை வைக்காதீர்கள் என்றார். உழவர்கள் டிராக்டர்களோடு நகருக்குள் வந்தார்கள். பசுமைக் கட்சி மேயருக்கு முன்பிருந்த மேயர், முந்தைய ஆண்டு அதே காரணத்துக்காக அதே ஏற்பாட்டைச் செய்திருந்தார். அப்போது ஒரு டிராக்டரும் வரவில்லை.

மார்ச்சில் அமெரிக்காவின் கொலராடோ ஆளுநர், ஒரு நாள் இறைச்சியைத் தவிர்த்துப் பாருங்கள் என்று அறிவிப்பு வெளியிட்டார். பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவின் ஆளுநர் அதே நாளை இறைச்சி உண்ணும் நாளாக அறிவித்தார். ஏப்ரலில், அதிபர் பைடனின் பருவநிலைத் திட்டம் மக்களுக்கு மாதம் ஒரு பர்கர்தான் அனுமதிக்கும் என்ற செய்தி பரவியது. திட்டத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. அதற்குத் தொடர்பே இல்லாத மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வொன்றின் எண்களை எடுத்து ஒரு நாளிதழ் முடிச்சுப்போட்டிருந்தது. அதை ஒளிபரப்பிய தொலைக்காட்சி சில நாட்களில் திருத்தம் சொன்னது. அதற்குள் செய்தி நாடு முழுவதும் சுற்றிவந்துவிட்டது. ஜூலையில் ஸ்பெயினின் நுகர்வோர் அமைச்சர் இறைச்சியைக் குறைக்கும்படி கேட்டுக் காணொளி வெளியிட்டபோது, அவருடைய பிரதமரே, பதமாக வெந்த மாட்டிறைச்சித் துண்டத்துக்கு ஈடிணை இல்லை என்று செய்தியாளர்களிடம் சொல்லி அவரைக் கைவிட்டார். 2023 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் சுனக், இறைச்சி வரியை ரத்து செய்வதாக அறிவித்தார். அப்படி ஒரு வரியை எந்த அரசும் கொண்டுவந்திருக்கவில்லை.

இவற்றில் பலவற்றுக்கும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். எதிர்க்கப்பட்டது, முன்மொழியப்பட்ட செயல் அல்ல. இல்லாத ஒரு தடை. ஆலோசனையாகச் சொல்லப்பட்டது, கேட்பவர் காதில் சட்டமாக விழுகிறது. இடையில் அதைச் சட்டமாக மொழிபெயர்த்துத் தருபவர்களுக்கு வாக்கோ வாசகரோ கிடைக்கிறார்கள். இந்தக் கூச்சலைக் கேட்டு அரசுகள் அஞ்சுவது தேவைக்கு மேற்பட்ட அச்சம் என்பது என் கருத்து. லண்டனிலுள்ள சாத்தம் ஹவுஸ் ஆய்வு நிறுவனம் 2015-இல் பிரேசில், சீனா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளிலும் சாதாரண மக்களைக் குழுக்களாக உட்காரவைத்துப் பேசவிட்டபோது, இது பொதுநன்மைக்கானது என்றால் அரசுதானே முன்னின்று செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அவர்களிடம் வெளிப்பட்டது. அரசு பேசாமலிருப்பதைப் பார்த்து, விஷயம் அவ்வளவு முக்கியமில்லை போலும் என்று அவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள்.

கேள்வி: மாதத்தில் ஓரிரு முறை இறைச்சி வாங்குவதே பெரும்பாடாக இருப்பவர்களிடமும் குறைக்கச் சொல்வது கொடுமையல்லவா?

பதில்: கொடுமைதான், அவர்களிடம் சொல்லக் கூடாது. சொல்வது போலக் கேட்கிறது என்பதுதான் இந்த இயக்கத்தின் மிகப் பெரிய கோளாறு. 16 நாடுகளைச் சேர்ந்த 37 அறிவியலாளர்கள் 2019 ஜனவரியில், ஈட் என்ற அமைப்பும் லான்செட் மருத்துவ இதழும் சேர்ந்து அமைத்த ஈட்-லான்செட் குழுவின் பெயரால் ஓர் உணவுத் திட்டத்தை முன்வைத்தார்கள். சிவப்பு இறைச்சி, அதாவது மாடு, ஆடு, பன்றி இவற்றின் இறைச்சி, நாளொன்றுக்குச் சராசரியாக 14 கிராம் போதும் என்றது அது. வட அமெரிக்கர்கள் இந்த அளவைப் போல ஏறத்தாழ ஆறரை மடங்கு உண்கிறார்கள் என்றும், தெற்காசியர்கள் இதில் பாதியே உண்கிறார்கள் என்றும் அதே அறிக்கை எழுதியிருக்கிறது. வறிய நாடுகளின் குழந்தைகளுக்கு விலங்குணவு கூடுதலாகத் தேவைப்படலாம் என்ற குறிப்பும் அதில் உண்டு. ஆனால் உலகத்தின் காதில் விழுந்தது 14 கிராம் மட்டுமே. அறிக்கை வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே அதற்கு எதிரான முழக்கம் சமூக ஊடகங்களில் சுற்றத் தொடங்கியிருந்தது. மார்ச் மாதம், ஜெனீவாவில் இருந்த இத்தாலியத் தூதர் ஆட்சேபித்ததும், அங்கு நடக்கவிருந்த அறிமுக நிகழ்ச்சிக்கான ஆதரவை உலகச் சுகாதார அமைப்பு விலக்கிக்கொண்டது.

எதிர்ப்பில் எல்லாமே திட்டமிட்ட கூச்சல் அல்ல. அந்த உணவுத் திட்டத்தை உலகின் பல நாட்டுச் சந்தை விலைகளில் கணக்கிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், ஏறத்தாழ 158 கோடிப் பேரின் அன்றாட வருமானம் அதற்குப் போதாது என்று கண்டார்கள். பழமும் காய்கறியும் விலங்குணவும் நிறைந்த தட்டு, தானியம் மட்டும் நிறைந்த தட்டைவிட விலை கூடியது. கூடுதலாக உண்பதற்கே வழியில்லாதவரிடம் போய்க் குறைத்துக்கொள் என்பது அறிவுரை ஆகாது. இரும்புச்சத்தும் துத்தநாகமும் பி12 வைட்டமினும் பற்றாத கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் ஒரு துண்டு இறைச்சியோ ஒரு முட்டையோ எளிதில் தருவதை வேறு உணவில் தேடிச் சேர்க்கப் பணமும் விவரமும் வேண்டும். தலைக்கு ஆண்டொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் இறைச்சி செலவாகும் நாடுகளும் உண்டு, 10 கிலோவை எட்டாத நாடுகளும் உண்டு. இந்த இரண்டு தரப்பையும் "நாம்" என்ற ஒரே சொல்லால் அழைத்து எழுதப்படும் கட்டுரைகள் கோபத்தைத் தாமே அழைத்துவருகின்றன. சென்ற இதழ்க் கட்டுரையிலும் அந்த "நாம்" தாராளமாகவே இருந்தது.

கேள்வி: இது முழுக்கச் சைவர்களின் சூழ்ச்சி என்கிறேன். மறுப்பீர்களா?

பதில்: மறுக்கிறேன். நெறிக்காகப் புலால் மறுப்பவர் பாலாடைக்கட்டியை மகிழ்ச்சியாக உண்ணலாம். சூழல் கணக்கில் 100 கிராம் புரதத்துக்குப் பாலாடைக்கட்டி, கோழி இறைச்சியைவிட அதிக வெப்ப வாயுவை வெளியேற்றுகிறது. சூழ்ச்சியாளர்கள் தம் உணவையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்படி கணக்கெழுத மாட்டார்கள்.

கேள்வி: கால்நடை வளர்த்துப் பிழைப்பவர்களின் எதிர்ப்பையும் "மனத்தடை" என்று சொல்லி ஒதுக்கிவிடுவீர்களோ?

பதில்: ஒருபோதும் இல்லை. உண்பவருக்கு இது பழக்கம். வளர்ப்பவருக்கு இது கடன், நிலம், கொட்டகை, வாரிசு. நெதர்லாந்தில் 2019 மே மாதம், கால்நடைக் கழிவிலிருந்து வரும் நைட்ரஜன் இயற்கைப் பகுதிகளைக் கெடுப்பது தொடர்பாக அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அரசின் அனுமதி முறையைச் செல்லாது என்றது. பண்ணை விலங்குகளின் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும் என்று ஆளும் கூட்டணி எம்.பி. ஒருவர் பேசினார். அக்டோபரில் நெடுஞ்சாலைகளை டிராக்டர்கள் அடைத்தன. அதே ஆண்டு தோன்றிய உழவர்–குடிமக்கள் இயக்கம் என்ற கட்சி, 2023 மார்ச்சில் மாகாணத் தேர்தல்களில் முதலிடம் பிடித்தது. நியூசிலாந்தில் கால்நடைகளின் ஏப்பத்துக்குக் கட்டணம் விதிக்கும் திட்டம் 2022-இல் முன்மொழியப்பட்டு, ஆட்சி மாறிய பின் 2024-இல் கைவிடப்பட்டது.

டென்மார்க் வேறு வழியில் போனது. அரசும் உழவர் சங்கமும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் ஒரே மேசையில் மாதக்கணக்கில் பேசி, 2024 ஜூனில் உடன்பாட்டுக்கு வந்தன. 2030 முதல் கால்நடை வெளியிடும் வாயுவுக்கு, கரியமில வாயுக் கணக்கில் டன்னுக்கு 300 குரோனர் வரி; 2035-இல் அது 750 ஆகும். ஆனால் 60 விழுக்காடு கழிவு உண்டு என்பதால் உண்மையில் கட்ட வேண்டியது முதலில் 120, பிறகு 300. தொடக்க ஆண்டுகளில் வசூலாகும் தொகை அத்துறையின் மாற்றத்துக்கே திரும்பிப் போகும். இதுவும் போதாது என்று சூழல்வாதிகளிலும், இதுவே அதிகம் என்று உழவர்களிலும் ஒரு சாரார் முணுமுணுக்கிறார்கள். இருந்தும் அந்த வரி உயிரோடிருப்பதற்குக் காரணம், பாதிக்கப்படப்போகிறவர்கள் செய்தித்தாளில் பார்த்து அதைத் தெரிந்துகொள்ளவில்லை என்பதுதான்.

கேள்வி: விமானத்தில் பறந்து போய் மாநாடு நடத்துகிறவர்கள் என் உணவைப் பற்றிப் பேசலாமா?

பதில்: பேசலாம், நம்பப்பட மாட்டார்கள். ஊருக்கு உபதேசம் செய்பவரின் வீட்டை எட்டிப்பார்ப்பது மனித இயல்பு. அறிவுரை சொல்லும் அறிவியலாளர் தம் வீட்டில் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறார், எவ்வளவு பறக்கிறார் என்ற விவரத்தைச் சேர்த்துச் சொன்னால், அவர் சொல்லின் எடை அதற்கேற்பக் கூடிக் குறைகிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின் உணவுப் பட்டியலில் ஒவ்வோர் உணவுக்கும் எதிரே அதன் கரியமில வாயு அளவை அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலிலேயே மாட்டிறைச்சியும் இருந்தது என்று ஏச்சும் வாங்கினார்கள்.

ஆனால் சொல்பவர் நேர்மையற்றவர் என்பதால் சொல்லப்பட்ட கணக்கு பொய்யாகிவிடாது. புகைபிடித்துக்கொண்டே புகைக்காதே என்கிற மருத்துவர் மீது நமக்குக் கோபம் வரலாம். நுரையீரல் அந்தக் கோபத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: மாட்டிறைச்சியை விட்டுக் கோழிக்கு மாறிவிட்டேன். இது போதுமா, அல்லது இதற்கும் குறை சொல்வார்களா?

பதில்: குறை சொல்வார்கள், வேறு பக்கத்திலிருந்து. சூழல் கணக்கில் உங்கள் மாற்றம் பெரியது. 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டி 2018-இல் வெளியான ஆய்வின்படி, இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் கிடைக்கச் சராசரியாக 50 கிலோ அளவுக்கு வெப்ப வாயு வெளியாகிறது. கோழிக்கு அது 6 கிலோவுக்கும் குறைவு, பருப்பு வகைகளுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. "இறைச்சி" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது தவறு என்பதற்கு இந்த எண்களே சாட்சி.

விலங்கு நலம் பேணுபவர்கள் வேறொரு கணக்கைக் காட்டுவார்கள். ஒரு மாடு தரும் இறைச்சிக்கு ஈடுசெய்ய நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகள் வேண்டும்; உலகில் ஆண்டுதோறும் இறைச்சிக்காகக் கொல்லப்படும் கோழிகள் ஏழாயிரம் கோடிக்கும் மேல், அவற்றில் பெரும்பகுதி நெருக்கடியான கூடங்களில் வளர்பவை. இரண்டு கணக்கும் உண்மை. எது தமக்குப் பெரிது என்பதை அவரவர்தாம் முடிவுசெய்ய வேண்டும்; நான் உங்களுக்கு நற்சான்று தருவதாயிருந்தால் சூழலுக்கு மட்டுமே தர முடியும்.

கேள்வி: ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் இறைச்சி வந்துவிட்டால் இந்தச் சண்டை ஓய்ந்துவிடுமா?

பதில்: ஓயவில்லை, இடம் மாறியிருக்கிறது. விலங்கின் உயிரணுக்களைக் கொண்டு வளர்க்கப்படும் அந்த இறைச்சியை விற்க, 2020 டிசம்பரில் சிங்கப்பூர் முதன்முதலாக அனுமதி தந்தது. 2023 நவம்பரில் இத்தாலியும், 2024 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலமும் அதன் விற்பனைக்கே தடை போட்டன. உணவுச் சுதந்திரத்தின் பெயரால் முன்பு வாதாடிய தரப்பிலிருந்தே தடையும் வந்தது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் சில நூறு பேர் உண்ணும் ஒரு நிறுவன உணவகத்தின் பொறுப்புக் குழுவில் இருக்கிறேன். இறைச்சியைக் குறைக்க வேண்டும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. கலவரம் இல்லாமல் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில், அதற்கு ஒரு நாளைக் குறித்து, பெயர் சூட்டி, அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். பெயர் வைத்த நாளிலிருந்து அது கட்சியாகிவிடும். இறைச்சியை எடுக்கவும் வேண்டாம். மற்றவற்றைக் கூட்டுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கல்லூரி உணவகங்களில், நான்கில் ஒன்றாக இருந்த இறைச்சியில்லா உணவை இரண்டில் ஒன்றாக ஆக்கியபோது, அவற்றின் விற்பனை 41 முதல் 79 விழுக்காடு வரை கூடியது என்று 2019-இல் ஆய்வு வெளியானது. அதிக மாற்றம் தெரிந்தது, வழக்கமாக இறைச்சியையே வாங்கிவந்தவர்களிடம்தான். மொத்த விற்பனை குறையவும் இல்லை.

அதே குழு அடுத்த ஆண்டில் வெளியிட்ட இன்னொரு சோதனை இன்னும் நுணுக்கமானது. வரிசையில் நகரும்போது முதலில் கண்ணில் படும்படி இறைச்சியில்லா உணவை வைத்தார்கள். அதற்கும் இறைச்சிப் பாத்திரத்துக்கும் ஒன்றரை மீட்டருக்கு மேல் இடைவெளி விட்ட இடத்தில் அதை எடுத்தவர்களின் எண்ணிக்கை கூடியது. ஒரு மீட்டருக்கும் குறைவாக இரண்டும் நெருங்கியிருந்த இடத்தில் ஒன்றும் மாறவில்லை. பக்கத்திலேயே இறைச்சி தெரியும்போது கை அதற்கே போகிறது. நான்கு எட்டு நடக்க வேண்டும் என்றால், பசியோடிருப்பவர் முன்னால் இருப்பதை எடுத்துக்கொள்கிறார். உங்கள் உணவகத்தில் பாத்திரங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று ஓர் அளவுநாடாவோடு போய்ப் பாருங்கள்.

பெயர்ப் பலகையில் "ஆரோக்கியமானது", "பூமிக்கு நல்லது" என்றெல்லாம் எழுத வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உணவகத்தில் ஒரே காய்கறியை ஒரே மாதிரிச் சமைத்து, பெயரை மட்டும் மாற்றி வைத்துப் பார்த்த 2017 ஆய்வில், சுவையைச் சொல்லும் பெயர் தாங்கியது, வெறும் பெயர் தாங்கியதைவிட 25 விழுக்காடும், உடல்நலக் கட்டுப்பாட்டைச் சொன்ன பெயர் தாங்கியதைவிட 41 விழுக்காடும் அதிகமானவர்களால் எடுக்கப்பட்டது. பெயர் மட்டும் போதாது. சமையற்காரருக்குப் புதிய உணவுகளைப் பழக நேரம் கொடுங்கள். வேகவைத்த காய்கறியை இறைச்சிக்கு மாற்றாக வைத்துவிட்டு யாரும் எடுக்கவில்லையே என்று வருந்தும் குழுக்கள் நிறைய.

மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் உங்கள் பட்டியலில் இருந்தால், கோழியையும் மீனையும் தொடுவதற்கு முன் அவற்றின் முறையை வாரத்தில் ஒன்று குறையுங்கள். வாயுக் கணக்கில் பெரும்பங்கு அங்கேதான். யாராவது ஏன் என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், கேட்காதவரிடம் சொல்லப் போகாதீர்கள். மூன்று மாதம் கழித்து விற்பனைக் கணக்கையும் தட்டுகளில் மிஞ்சிய உணவின் எடையையும் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மிச்சம் கூடியிருந்தால் சமையலில்தான் ஏதோ சரியில்லை.